டெல்டாவில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்குவது எப்படி? காகிதம், செலவு, காலம்

காவிரிப் பாசனப் பகுதியில் சிறு விவசாயிகள், குத்தகைதாரர்கள், ஆடு மாடு வளர்க்கும் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கூட்டாக விற்கவும் வாங்கவும் ஒரு நிறுவனம் தொடங்க நினைக்கிறீர்களா? இது உங்களுக்கான கட்டுரை. எங்கள் ஊரில் இதைச் செய்து முடிப்பதற்குள் படாத பாடு பட்டோம். சட்டம் தெரிந்தவருக்கு ஊர் தெரியவில்லை. ஊர் தெரிந்தவருக்கு இணையதளத்தில் வரும் படிவம் தெரியவில்லை. எந்தக் காகிதத்தை எதற்கு முன் வாங்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது.

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் பேசிவிடுகிறேன். "மாதாமாதம் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் வருகிறது, பிஎம் கிசானில் ஆண்டுக்கு ஆறாயிரம் வருகிறது, அப்புறம் எதற்கு இந்தத் தலைவலி?" என்று ஊரில் கேட்பார்கள். அந்தப் பணம் அவசியம். நிச்சயமாக வரும் சிறு தொகை வட்டிக்கடைக்குப் போகும் தேவையைக் குறைக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு 2011 முதல் 2013 வரை சில கிராமங்களில் எல்லாருக்கும் நிபந்தனையில்லாமல் மாதத் தொகை கொடுத்துப் பார்த்தபோதும், மக்கள் அதை வைத்துக் கடனைக் குறைத்தார்கள், சொந்தத் தொழிலில் போட்டார்கள். ஆனால் விளைந்த உளுந்துக்கு விலை சொல்வது இன்னும் மண்டிக்காரர்தான். உரத்துக்கு விலை சொல்வது கடைக்காரர்தான். ஒரு கையில் வந்த ஆயிரம் மறு கை வழியாக அங்கேயே போய்விடுகிறது. கூட்டாக வாங்கி விற்கும் இடம் நமக்கென்று இருந்தால்தான் அந்தத் தொகை வீட்டில் தங்கும்.

1. ஊர்ப் பக்கம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்

டெல்டாவில் தூங்கிக் கிடக்கும் நிறுவனங்கள் உண்டு. 2017-18-இல் தமிழக அரசு கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் நூறு நூறு விவசாயிகளாகச் சேர்த்துக் குழுக்கள் அமைத்து, குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கருவிகள் வாங்கக் கொடுத்தது. அந்தக் குழுக்கள் சில இன்றும் நடக்கின்றன. சில கணக்கு நோட்டோடு நின்றுவிட்டன.

மத்திய அரசின் நிறுவன விவகார அமைச்சக இணையதளத்தில் எந்த நிறுவனத்தின் அடிப்படை விவரத்தையும் பார்க்கலாம். கடைசியாக எந்த ஆண்டுக்கு இருப்புநிலைக் குறிப்பு தாக்கல் செய்திருக்கிறார்கள் என்பது அதில் தெரியும். அது ஒழுங்காக இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதில் பங்கு வாங்கிச் சேருங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாகத் தாக்கலே இல்லையென்றால் இயக்குநர் பொறுப்பை மட்டும் ஏற்காதீர்கள். பழைய தாமதக் கட்டணம் முழுவதும் உங்கள் காலத்தில் வந்து நிற்கும்.

2. சங்கமா, நிறுவனமா?

தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இன்படி 25 பேர் சேர்ந்து சங்கம் பதிவு செய்யலாம். கடன் வேண்டுமானால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கம் ஏற்கெனவே எல்லா ஊருக்கும் இருக்கிறது, அதில் உறுப்பினராக இருங்கள். ஆனால் சங்கத்தில் பதிவாளரின் கை நீளம். தேர்தலிலிருந்து நிர்வாகக் குழுவைக் கலைப்பது வரை அரசிடம் அதிகாரம் உண்டு.

உற்பத்தியாளர் நிறுவனம் என்பது நிறுவனங்கள் சட்டத்துக்குள் வரும் கூட்டுறவு. 10 உற்பத்தியாளர்கள் போதும், 5 முதல் 15 இயக்குநர்கள். ஆயிரம் ரூபாய் பங்கு வைத்திருந்தாலும் பத்தாயிரம் வைத்திருந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுதான். பங்கை வெளியாருக்கு விற்க முடியாது. இயக்குநர் குழு ஒப்புதலோடு இன்னொரு உற்பத்தியாளருக்கு முகமதிப்பில்தான் (பங்கில் எழுதியிருக்கும் விலைக்குத்தான்) மாற்றலாம். லாபத்தில் பங்கு முதலுக்கு ஒரு வரம்புக்குள்தான் ஈவு. மிச்சத்தை, யார் எவ்வளவு சரக்கு கொடுத்தார்களோ அந்தக் கணக்கில் பிரித்துக் கொடுக்கலாம். பணம் வைத்திருப்பவர் உள்ளே புகுந்து நிறுவனத்தை வாங்கிவிட முடியாது என்பதால்தான் நான் இதைப் பரிந்துரைக்கிறேன். சுதந்திரத்துக்கு விலை உண்டு: படிவம், தணிக்கை, கெடு எல்லாம் உங்கள் தலையில்.

3. எப்போது தொடங்குவது

மாசி, பங்குனி. சம்பா, தாளடி அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வங்கியில் ஏறியிருக்கும். மக்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். அந்த நேரத்தில் அடங்கலில் (எந்த வயலில் என்ன பயிர் என்று எழுதும் கிராமக் கணக்கு) நடப்புப் பசலிக்கான (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) சாகுபடி பதிவாகியிருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1-இல் மாறுகிறது. ஜூலைக்குப் பிறகு போனால் "புதுப் பசலிக்கு இன்னும் பயிர் ஏற்றவில்லை" என்று கிராம நிர்வாக அலுவலகத்தில் காத்திருக்க வேண்டி வரும்.

சித்திரையில் காகிதங்கள், வைகாசியில் விண்ணப்பம் என்று வைத்துக்கொண்டால் மேட்டூர் திறந்து குறுவை வேலை மும்முரமாவதற்குள் பதிவு முடியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் முதல் பொதுக்குழுவை நடத்தியாக வேண்டும். வைகாசியில் பதிவானால் ஆடியில் கூட்டலாம். ஆவணியில் பதிவானால் ஐப்பசி மழையில், நடவு நேரத்தில், ஆளைத் தேடி வீடு வீடாகப் போக நேரிடும்.

4. முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நிறுவனம் யாருடையதாக இருக்கப் போகிறது என்பது இங்கேதான் முடிவாகிறது.

வழக்கமாக என்ன நடக்கும்? "பட்டா இருக்கிறவங்க வாங்க" என்று சொல்லிவிடுவார்கள். காகிதம் சுலபம் என்பதுதான் காரணம். டெல்டாவில் அப்படிச் சொன்னால் உண்மையில் சேற்றில் இறங்கும் பாதிப் பேர் வெளியே நிற்பார்கள். கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் பயிரிடுகிறவர்கள், வாய்மொழிக் குத்தகைக்கு மூன்று மா, ஐந்து மா என்று சிறு துண்டு நிலம் செய்கிறவர்கள், கணவர் பெயரில் பட்டா இருக்கும் பெண்கள் இவர்களில் யாருக்கும் இடம் இருக்காது. சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. முதல்நிலை விளைபொருளோடு தொடர்புள்ள வேலை செய்யும் எவரும் உற்பத்தியாளர்தான். வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, மீன், தேனீ எல்லாம் அதில் அடங்கும். கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் செய்கிறவர்களும் உண்டு. இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் நிலமில்லாத பெண் முழுத் தகுதியுள்ள உறுப்பினர்.

அவரவருக்கு வேண்டிய சான்று இது:

சொந்த நிலம் உள்ளவர்: சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் ஆவணம்), அடங்கல், அதோடு சிறு குறு விவசாயி சான்று. சிட்டா இணையத்திலேயே கிடைக்கும். சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கட்டணம் 60 ரூபாய். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரிடம் போய் வரும். இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

கோயில், மடத்து நிலக் குத்தகைதாரர்: நடப்பு ஆண்டுக் குத்தகை ரசீது, அவர் பெயர் ஏறிய அடங்கல். ரசீது அப்பா பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தால் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிட்டு, முதல் பத்தில் அவரைச் சேர்க்காமல் பதிவுக்குப் பின் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாய்மொழிக் குத்தகை: இதுதான் கஷ்டம். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று நிலக்காரர் பயப்படுவார். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தில் தாசில்தாரிடம் பதிவு கேட்கலாம் என்றாலும், அதைக் கேட்ட மறுவருஷம் நிலம் கையில் இருக்குமா என்ற பயம் குத்தகைதாரருக்கும் இருக்கும். அந்தச் சண்டையை நிறுவனப் பதிவோடு சேர்த்து இழுக்காதீர்கள். அவரிடம் மாடோ ஆடோ இருந்தால் கால்நடை வளர்ப்பவராகச் சான்று வாங்குங்கள். சாகுபடி செய்கிறார் என்று விஏஓ எழுதித் தர முன்வந்தால் அதுவும் உதவும்.

கால்நடை வளர்க்கும் பெண்கள்: பால் சங்கத்தில் ஊற்றுகிறவர் என்றால் சங்க உறுப்பினர் அட்டை, பால் கணக்குப் புத்தகம். இல்லையென்றால் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

என் யோசனை: பத்தில் நாலு பேராவது பெண்கள், மூன்று பேராவது குத்தகைதாரர் அல்லது நிலமில்லாதவர். இயக்குநர்களிலும் அதே விகிதம். பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பின்னால் வருவதே இல்லை.

5. பெயர், பிறந்த தேதி, செல்பேசி எண்

அதிக நாளைத் தின்றது இந்த வேலைதான். தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல். ஆதாரில் "கா. செல்வி" என்று இருக்கும். பான் அட்டையில் "செல்வி காளிமுத்து". வங்கிப் புத்தகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு "செல்வி முருகேசன்". மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்கே தெரியும், கணினிக்குத் தெரியாது. நிறுவனப் பதிவுக்கு பான் அட்டையில் உள்ள பெயர்தான் அடிப்படை. ஆகவே முதலில் பானைப் பார்த்து, மற்றவற்றை அதற்கு ஒத்துவர மாற்றுங்கள். பானே தவறு என்றால் அதை முதலில் திருத்துங்கள்.

ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, பத்துப் பேருக்கும் ஆதார்ப் பெயர், பான் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஆதாரோடு இணைந்த செல்பேசி எண், மின்னஞ்சல் என்று எழுதுங்கள். அட்டையைக் கையில் வாங்கி எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுத வேண்டும், வாயால் சொல்வதை எழுதக் கூடாது. எங்கே சிக்கல் என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

பிறந்த தேதியில் ஆண்டு மட்டும் இருக்கும் ஆதார் அட்டைகள் நிறைய. பெரியவர்களிடம் பள்ளிச் சான்று இருக்காது. தேதித் திருத்தம் தாமதமாகும் என்று தெரிந்தால் அவரை முதல் பத்தில் வைக்காமல் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்பேசி எண்ணைக் கவனமாகப் பாருங்கள். பெண்களின் ஆதாரில் கணவர் எண்ணோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் எண்ணோ இருக்கும். டிஜிட்டல் கையொப்பம் வாங்கும்போது ஓடிபி அங்கே போகும். மகன் ஷிப்டில் இருப்பார், எடுக்க மாட்டார், நேரம் முடிந்துவிடும். தபால் நிலையத்திலோ ஆதார் மையத்திலோ அந்தப் பெண்ணின் சொந்த எண்ணை ஏற்றிவிடுங்கள். கட்டணம் நூறு ரூபாய்க்குள்தான். மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அவரவர் செல்பேசியிலேயே உருவாக்கி, கடவுச்சொல்லை அவரிடமே எழுதிக் கொடுங்கள். எல்லார் மின்னஞ்சலையும் ஒரு ஆளே வைத்துக்கொள்வது ஆபத்து. நாளைக்கு அந்த ஆள் கோபித்துக்கொண்டால் நிறுவனமே முடங்கும்.

இதோடு ஒவ்வொருவருக்கும் பாஸ்போர்ட் அளவுப் படமும், முகவரிச் சான்றாக இரண்டு மாதத்துக்குள் எடுத்த வங்கிக் கணக்கு அறிக்கையும் வேண்டும். பாஸ்புக்கின் முதல் பக்கம் போதாது. வங்கியில் முத்திரை போட்ட அறிக்கை வாங்குங்கள். இதைக் கடைசியாக வாங்க வேண்டும். முதலிலேயே வாங்கினால் மற்றவை தயாராவதற்குள் பழசாகிவிடும்.

6. அலுவலக முகவரி

வாடகைக் கட்டடம் தேவையில்லை, ஒரு வீட்டின் முன்னறை போதும். கேட்பவை இரண்டு: இரண்டு மாதத்துக்குள் உள்ள மின்கட்டண ரசீது போன்ற சான்று, வீட்டுக்காரரின் தடையில்லாக் கடிதம். சிக்கல் என்னவென்றால், கிராமத்தில் பாதி வீட்டு மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கும். கடிதம் கொடுப்பவர் பெயரும் ரசீதுப் பெயரும் ஒன்றாக இருக்கும் வீடாகப் பாருங்கள். அது தலைவர் வீடாக இருக்க வேண்டும் என்பதில்லை. சாலையோரமாக, மழைக்காலத்தில் தண்ணீர் ஏறாத இடமாக இருந்தால் நல்லது.

7. ஆடிட்டர், பெயர், விண்ணப்பம்

ஆடிட்டரையோ கம்பெனி செக்ரட்டரியையோ தேடும்போது ஒரே கேள்வி கேளுங்கள்: "இதற்கு முன் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்திருக்கிறீர்களா?" சாதாரண தனியார் நிறுவனம் மட்டும் செய்தவர் விதிமுறை ஆவணத்தைப் பழைய நகலிலிருந்து ஒட்டித் தருவார். அதில் ஓட்டு உரிமை, லாபப் பங்கீடு, உறுப்பினர் தகுதி மூன்றும் தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த மூன்று பகுதியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லி, பத்துப் பேரும் கேட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் பக்கம் பதிவுக்குக் கேட்ட தொகை 25 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் வரை. அதில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். டிஜிட்டல் கையொப்பம் எத்தனை பேருக்கு என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஒன்றுக்கு 1500 முதல் 2500 ரூபாய் ஆகும். பங்கு முதல் வரம்பு 15 லட்சத்துக்குள் இருந்தால் அரசுக்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. முத்திரைத் தீர்வை உண்டு. "அரசுக் கட்டணமே இருபதாயிரம்" என்று யாராவது சொன்னால் கணினி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் பென்டிரைவ் மாதிரியான டோக்கன் அவரவர் கைக்கு வந்து சேர வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்திலேயே இருக்கட்டும் என்று விடாதீர்கள், அது உங்கள் கையெழுத்து.

நிறுவனப் பெயருக்கு ஆயிரம் ரூபாய் கட்டி இரண்டு பெயர் கொடுக்கலாம். காவிரி, சோழன், பொன்னி, டெல்டா எல்லாம் ஏற்கெனவே போயாயிற்று. உங்கள் ஊர்ப் பெயரையோ வாய்க்கால் பெயரையோ சேர்த்துக் கொடுங்கள், கிடைக்கும். ஒப்புதல் வந்த பெயர் 20 நாளுக்குத்தான் உங்களுக்காக இருக்கும். அதற்குள் முழு விண்ணப்பமும் போக வேண்டும். அதனால்தான் 4, 5, 6-ஐ முடித்துவிட்டு இங்கே வரச் சொல்கிறேன். பெயரை முதலில் வாங்கிவிட்டு ஆதார் திருத்தத்துக்குக் காத்திருந்தால் பெயரும் போகும், ஆயிரமும் போகும்.

விண்ணப்பத்தோடேயே பான், டான் (வரிப் பிடித்த எண்), வங்கிக் கணக்கு மூன்றும் சேர்ந்து வரும். வங்கியை விண்ணப்பத்தில் காட்டும் பட்டியலில் இருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கிளை உள்ளதாகப் பாருங்கள்.

8. பங்குத் தொகை வசூல்

முகமதிப்பு 10 ரூபாய், ஆளுக்கு 100 பங்கு, ஆக ஆயிரம் ரூபாய். இதுதான் பரவலாக உள்ள வழக்கம். ஆயிரத்தை ஒரே தடவையில் கேட்டால் நிலமில்லாதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். பதிவுக்கு முன்பே மகளிர் குழுவில் தனிச் சேமிப்பாக மாதம் இருநூறு என்று போட்டு வைத்து, ஆயிரம் சேர்ந்ததும் பங்குக்குக் கட்டலாம். உரிமைத் தொகையிலிருந்து எடுத்துப் போடுவதாக இருந்தால் அது அந்தப் பெண்ணின் விருப்பம். கணவர் பெயரில் பங்கு, மனைவி பணத்தில் பங்கு என்ற கணக்கை ஏற்காதீர்கள். யார் பணமோ அவர் பெயரில் பங்கு.

"இயக்குநரானால் ஆயிரம் ரூபாய் நின்றுவிடுமா?" என்று பெண்கள் கட்டாயம் கேட்பார்கள். அவர்கள் கேட்பது மகளிர் உரிமைத் தொகையை. 2023-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது வைத்த தகுதி குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்பது. ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்பனை செய்து ஜிஎஸ்டி கட்டும் தொழில் உரிமையாளர்களுக்கும் கிடையாது. நிறுவனத்தின் ஜிஎஸ்டி நிறுவனத்தின் பான் எண்ணில்தான் இருக்கும், இயக்குநரின் சொந்த எண்ணில் இருக்காது. ஆகவே பதிவுச் சான்றின் நகல் ஒன்றை ஒவ்வொரு பெண் இயக்குநரும் வீட்டில் வைத்திருங்கள். ஏதாவது குழப்பத்தில் தொகை நின்றால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யும்போது அது வேண்டும்.

பணத்தைக் கையில் வாங்கவே வாங்காதீர்கள். நிறுவன வங்கிக் கணக்கு திறந்த பிறகு, உறுப்பினரின் கணக்கிலிருந்து நேராக வரட்டும். கணக்கு திறக்கும் முன்பே ஊர் ஊராக ரசீதுப் புத்தகத்தோடு வசூல் செய்வதுதான் பல இடங்களில் முதல் சண்டைக்குக் காரணம். ஒவ்வொரு உறுப்பினரும் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் வாரிசு நியமனமும் எழுதித் தர வேண்டும், விண்ணப்பப் படிவத்திலேயே அதற்கு ஒரு வரி வைத்துவிடுங்கள். பங்கு ஒதுக்கியதும் அதற்கான படிவத்தை ஆடிட்டர் தாக்கல் செய்தாரா என்று ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

9. பதிவுச் சான்று வந்த பிறகுள்ள கெடுக்கள்

சான்று வந்ததும் மாலை போட்டுப் படம் எடுத்துவிட்டு எல்லாரும் வயலுக்குப் போய்விடுவார்கள். கெடுக்கள் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிடுகின்றன. சுவரில் எழுதி ஒட்டுங்கள்:

30 நாளுக்குள் முதல் தணிக்கையாளர் நியமனம். 90 நாளுக்குள் முதல் பொதுக்குழு, இயக்குநர் தேர்தல். 180 நாளுக்குள் தொழில் தொடங்கிய அறிவிப்பு, அதாவது ஐஎன்சி-20ஏ படிவம். பத்துப் பேரும் ஒப்புக்கொண்ட பங்குத் தொகை வங்கியில் ஏறியிருந்தால்தான் இதைப் போட முடியும். தவறினால் நிறுவனத்துக்கு 50 ஆயிரம் ரூபாய் அபராதம், இயக்குநர்களுக்குத் தனி.

ஆண்டுதோறும் பொதுக்குழு முடிந்த 30 நாளில் கணக்கு, 60 நாளில் ஆண்டறிக்கை. இரண்டு படிவத்துக்கும் தாமதக் கட்டணம் நாளுக்கு நூறு நூறு ரூபாய். ஓராண்டு விட்டால் இரண்டுக்கும் சேர்த்து 73 ஆயிரம். மூன்று ஆண்டு தொடர்ந்து விட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டு எந்த நிறுவனத்திலும் இயக்குநராக முடியாது. கூலிவேலை செய்யும் ஒரு பெண்ணை இயக்குநராக்கிவிட்டு இப்படி மாட்டவிடுவது பெரிய அநியாயம். ஆண்டுத் தணிக்கைக்கும் தாக்கலுக்கும் 30 ஆயிரம் ரூபாயாவது ஒதுக்க முடியாது என்று தோன்றினால் நிறுவனம் வேண்டாம், மகளிர் குழுவாகவோ உழவர் குழுவாகவோ நடத்துங்கள்.

பொதுக்குழுவுக்கு மொத்த உறுப்பினரில் கால்வாசிப் பேர் வர வேண்டும். 300 பேர் என்றால் 75. அறிவிப்பு 14 நாள் முன்பு. ஆடிப்பெருக்கு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கம் ஒத்துவந்தது. நூறுநாள் வேலை இருக்கும் நாளில் வைத்தால் பெண்கள் வர மாட்டார்கள்.

முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் ஒருவர் வேண்டும். அவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கணினி தெரிந்த, ஊரிலேயே இருக்கும் படித்த பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள், தேடுங்கள்.

எல்லா ஆவணத்தையும் ஸ்கேன் செய்து இரண்டு பேர் செல்பேசியிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். கார்த்திகை மழையில் பீரோவுக்குள் தண்ணீர் போகும் ஊர் நம்முடையது.

10. மானியத்தை நம்பித் தொடங்காதீர்கள்

"பதினைந்து லட்சம் மானியம் வாங்கித் தருகிறேன், முதலில் ஐம்பதாயிரம் கொடுங்கள்" என்று ஒருவர் வருவார். விவரம் இதுதான்: மத்திய அரசு 2020 பிப்ரவரியில் 10,000 உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சமவெளிப் பகுதியில் 300 உறுப்பினர் சேர்ந்தால் மூன்றாண்டுக்கு 18 லட்சம் வரை நிர்வாகச் செலவு உண்டு. உறுப்பினர் போட்ட பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல் பங்கு மானியமும் உண்டு. அதாவது 15 லட்சம் முழுதாக வர 750 பேர் தலா 2000 போட்டிருக்க வேண்டும். யாரும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. 2025 பிப்ரவரியிலேயே 10,000 என்ற எண்ணிக்கையும் எட்டியாயிற்று.

ஆகவே மானியம் வந்தால் வரட்டும், வராமலே நடக்கும் கணக்கைப் போடுங்கள். மாவட்ட வேளாண் வணிக அலுவலகத்திலும் நபார்டு (வேளாண் வளர்ச்சி வங்கி) மாவட்ட வளர்ச்சி மேலாளரிடமும் நேராகப் போய் இப்போது எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. பின்னால் கிடங்கோ உலர்களமோ கட்டும்போது வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையுள்ள கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

11. முதல் வியாபாரம்: நெல் வேண்டாம், உளுந்து

நெல்லுக்கு நேரடி கொள்முதல் நிலையம் இருக்கிறது. 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையோடு சன்ன ரகம் குவிண்டாலுக்கு 2545, சாதாரண ரகம் 2500. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த விலை கிடைக்கும். சிறிய நிறுவனம் அதோடு போட்டி போட முடியாது. நெல்லை வாங்கி அரைத்து விற்கிறேன் என்று இறங்கினால் முதல் ஆண்டே போட்ட பணம் முழுவதும் மூட்டையில் முடங்கும். அரிசி விற்பதாகவே இருந்தாலும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 25 கிலோவும் அதற்குக் குறைவாகவும் பெயர் அச்சிட்டுக் கட்டி விற்றால் 5 சதவீத ஜிஎஸ்டி. கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது அதனால்தான்.

உளுந்தும் பச்சைப் பயறும் வேறு. சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரத்தில் தெளித்துவிட்டு, பங்குனி, சித்திரையில் பறிப்பது. எல்லார் வீட்டிலும் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை இருக்கும். இரண்டு மூட்டைக்காக யாரும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வண்டி பிடிக்க மாட்டார்கள். வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம், அவர் தராசில், அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். 2025-26-க்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7800. உங்கள் ஊர் வாசலில் என்ன விலை ஓடுகிறது என்று விசாரித்து, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிறுவனம் ஏன் வேண்டும் என்று அப்போது தெரியும்.

செய்யும் முறை: எலக்ட்ரானிக் தராசு ஒன்று, ஈரமானி ஒன்று, சல்லடை இரண்டு. தராசுக்கு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். நன்றாகக் காயவைத்த பயறை மட்டும் வாங்குங்கள். ஈரத்தோடு கட்டி வைத்தால் வண்டு விழுந்து எல்லார் சரக்கும் கெடும். எடை போடும்போது எண் உறுப்பினர் பக்கம் திரும்பியிருக்கட்டும். சாக்கு எடையை அவர் கண் முன்னால் கழியுங்கள். மூன்று படி ரசீதில் எடை, ஈரம், தரம், முன்தொகை நான்கையும் எழுதி ஒன்றை அவர் கையில் கொடுங்கள்.

முன்தொகையை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும். மண்டிக்காரர் பயிருக்கு முன்பே கடன் கொடுத்து வைத்திருப்பார், அறுப்பு முடிந்ததும் வாசலில் நிற்பார். அன்றைக்குக் காசு இல்லையென்றால் உங்கள் உறுப்பினர் அவரிடம்தான் போவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆகவே வாசல் விலையில் முக்கால்வாசியை அன்றே வங்கிக் கணக்கில் போடுங்கள். சரக்கு மொத்தமாக விற்ற பிறகு மிச்சத்தைக் கொடுங்கள். இப்படி நிறுத்தி வைத்துக் கொடுக்கும் விலையைச் சட்டமே அனுமதிக்கிறது. முன்தொகைக்கு எவ்வளவு பணம் இருக்கிறதோ அவ்வளவு மூட்டைக்கு மேல் முதல் ஆண்டு வாங்காதீர்கள். மூன்று லட்சம் பங்கு முதல் என்றால் ஒரு லட்சத்தைச் செலவுக்கும் தணிக்கைக்கும் தனியாக எடுத்து வைத்துவிட்டு, இரண்டு லட்சத்துக்குத்தான் சரக்கு.

விற்ற பிறகு ஒரு கணக்குத் தாள் எழுதி அலுவலக வாசலில் ஒட்டுங்கள்: மொத்த எடை, விற்ற விலை, வண்டிக் கூலி, ஏற்று இறக்குக் கூலி, சாக்கு, நிறுவனச் செலவு, மிச்சம், கிலோவுக்கு எவ்வளவு திரும்பக் கிடைக்கும். எல்லாம் தமிழில், பெரிய எழுத்தில். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அன்று மாலையே ஒருவர் படித்துக் காட்ட வேண்டும். மிச்சத் தொகையை ஒரு வாரத்துக்குள் கணக்கில் போட்டுவிட்டு, அடுத்த பருவத்துக்கு யார் யார் எத்தனை மூட்டை தருவார்கள் என்று அதே வாரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உரம், விதை விற்பனையை அதற்கு அடுத்து பாருங்கள். அதற்கு வேளாண்மைத் துறையிடம் உரத்துக்கு, விதைக்கு, பூச்சிமருந்துக்கு எனத் தனித்தனி உரிமம் வேண்டும், உரிமத்துக்குக் கேட்கும் படிப்போ பயிற்சிச் சான்றோ உள்ள ஆளும் வேண்டும். குறுவைக்கு உரம் வேண்டுமென்றால் அந்த மனுவைத் தை மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.